பாலர் வகுப்பின் யன்னல்

ஓர் அறையில் வழமையாக நான் சரிபார்ப்பவை: தரைமட்டம், சூடாக்கி, மின்கம்பிக் குழாய்கள், கதவு நிலைகள், யன்னல். இந்தக் கட்டடத்தில் ஒன்று கூடுதல். கதவுகளின் வலப்பக்க நிலையில், மறைநூல் வரிகள் அடங்கிய சிறு பேழை பொருத்துவதற்கு இடம் விட வேண்டும். மொன்ட்ரியாலில் யூதச் சமயப் பள்ளி ஒன்றுக்குப் புதிய கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தோம். நான் ஒப்பந்த நிறுவனத்தின் தள நுட்பவியலாளர். நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்து பஸ்ஸில் போய்வந்தேன்.

தெருவைப் பார்த்த பக்கத்தில் யன்னலே வேண்டாம் என்று பெற்றோர் குழு ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது. நகரில் யூதப் பள்ளிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்திருந்த காலம். பாலர் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பதைத் தாண்டிய பெண். முடியை மறைத்துக் கட்டிய துணிக்கு மேல் பாதுகாப்புத் தொப்பி நிற்காது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் வாதாடுவார்.

“காலையில் தாய்க்குக் கைகாட்டினால்தான் இந்தப் பிள்ளைகளின் அழுகை நிற்கும். சுவரைப் பார்த்தா கைகாட்டச் சொல்கிறீர்கள்?”

கடைசியில் ஒரே ஒரு யன்னல் கிடைத்தது. நான்கு வயதுப் பிள்ளை நின்றபடி வெளியே பார்க்கக்கூடிய தாழ்வில். இரண்டு தகடுகளுக்கு நடுவில் படலம் வைத்த கண்ணாடி. கல்லைத் தாங்கும், குண்டைத் தாங்காது என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் தலையசைத்தார்கள். தெரிந்துகொண்டுதான் முடிவெடுத்தார்கள்.

கண்ணாடி பொருத்திச் சில வாரம் ஆகியிருக்கும். யூதர்களின் ஓய்வுநாளுக்காக வெள்ளி மத்தியானம் மூடிய தளத்தைத் திங்கள் காலை திறந்தோம். செங்கல் வேலை செய்யும் அண்ணைதான் முதலில் கண்டார். யாழ்ப்பாணத்தவர்.

“தங்கச்சி, கிட்டப் போகாதேங்கோ. உது கல்லெறிஞ்ச ஓட்டை இல்லை.”

அறைக்குள் சுவர்ப் பலகைகளை அடுக்கி வைத்திருந்தோம். துப்பாக்கிச் சன்னம் அவற்றில் போய்ப் புதைந்திருந்தது. பொலிஸார் வந்து அதை எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், மஞ்சள் நாடா கட்டினார்கள். நாடாவை அவிழ்த்த பிறகு ஆசிரியை வந்தார். கண்ணாடியை அவர் பார்க்கவே இல்லை. நேரே பலகைகளிடம் போய், பிள்ளையின் உயரம் காட்டுவதுபோல் துளைக்கு நேரே தன் இடுப்பருகில் உள்ளங்கையைப் பிடித்தார்.

“நான்கு வயது,” என்றார். திரும்பாமலே யன்னல் பக்கம் கையைக் காட்டி, “மூடுங்கள்.”

குண்டு துளைக்காத கண்ணாடி இருக்கிறது, யன்னல் சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் செய்யலாம் என்றேன்.

“அது உடையாது. ஆனால் சுடும்போது பிள்ளை அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.”

மூடுவதற்கு அனுமதி கேட்டு எழுதினேன். பெற்றோர் குழு ஒரே நாளில் சம்மதித்தது.

அந்த இடத்தைக் கட்ட இரண்டு வழி இருந்தது. அண்ணை எனக்குச் சொன்னதை நான் ஆசிரியைக்குப் பிரெஞ்சில் சொன்னேன். இடைவெளிக்குள் மட்டும் கல் வைத்தால் இரண்டு ஓரத்திலும் நேர்கோடாக மூட்டுத் தெரியும். ஆனால் யன்னலுக்கு மேல் கற்களைத் தாங்கும் லிண்டல் அப்படியே இருக்கும். என்றைக்காவது யன்னலைத் திரும்பத் திறக்கலாம். மற்ற வழியில் லிண்டலைக் கழற்றி, ஓரக் கற்களை ஒன்றுவிட்டு ஒன்று உடைத்தெடுத்து, புதுக் கல்லைக் கோத்துக் கட்டுவது. பிறகு அங்கே யன்னல் இருந்ததே தெரியாது.

முதலாவதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். அந்த யன்னலுக்காக அவ்வளவு சண்டை பிடித்தவர்.

“இரண்டாவது,” என்றார். “சுட்டவன் ஒருநாள் இந்த வழியால் வந்து பார்ப்பான். மூடிய அடையாளத்தைக் கண்டு, எங்களை மூட வைத்துவிட்டதாக அவன் சந்தோஷப்படக் கூடாது.”

அண்ணையிடம் சொன்னபோது சிரித்தார்.

“நான் வைச்ச நல்ல கல்லை என்னையே உடைக்கச் சொல்லுறா. அப்ப முதலே மூடியிருக்கலாமே?”

“அவ சொல்லுறபடிதானே செய்யவேணும் அண்ணை.”

“ஊரிலை எங்கட பள்ளிக்கூடத்துச் சுவரிலை எத்தினை ஓட்டை. ஒருத்தரும் உப்பிடி மினக்கெடேல்லை.” உளியை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். “தார்ப்பாயை நல்லா இழுத்துக் கட்டுங்கோ தங்கச்சி. குளிர் பட்டால் சாந்து பிடிக்காது.”

கட்டினேன். உள்ளே நின்று பார்த்தபோது கல் வரிசை ஏற ஏற அறை இருட்டிக்கொண்டு வந்தது. பாதிக்கு மேல் போனதும் வேலை விளக்கைக் கொண்டுவந்து கொளுவினேன்.

சாந்து காய்ந்த பிறகு ஆசிரியை நடைபாதையில் நின்று சுவரைப் பார்த்தார். யன்னல் இருந்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நல்ல வேலைக்காரர்,” என்றார்.

பிறகு உள்ளே வந்தார். இனிப் பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்பதால், சுவிட்சைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னார். அந்த உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தேன்.