ஊரப்பாக்கத்து மணியும் நமீபியா யானையும்

போன ஜூலையில் நானும் சேகரும் நமீபியாவுக்குச் சைக்கிளோடு போனோம். ஊரப்பாக்கத்தில் அவனுக்கு அடுத்த தெரு எனக்கு. இருபது வருஷமாக ஞாயிறு காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் சேர்ந்து மிதித்துவந்தோம். அவனுடைய இரண்டு முட்டியும் தேய்ந்திருந்தன. மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெடும்பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு தடவை, காட்டு மிருகங்கள் திரியும் நாட்டில் முழுத் தூரத்தையும் சொந்தக் காலால் கடக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். சிங்கப்பெருமாள் கோவில் வரை போய்ப் போய்ப் பயிற்சி எடுத்தோம். போதாது சாமி, போதவே போதாது.

கோரிக்சாஸ் என்ற ஊரிலிருந்து ஓபுவோ என்ற ஊர் வரை சுமார் நானூறு கிலோமீட்டர். ரோடு வரைபடத்தில்தான் இருக்கிறது. நேரில் சரளையும் மணலும், வரிவரியாக மேடு பள்ளமும்தான். மணிக்கு எட்டு கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் சுமந்தோம். சேகர் இறக்கத்தில்கூட வலியில் முனகினான், ஆனால் இறங்கித் தள்ள மாட்டேன் என்றுவிட்டான்.

பால்ம்வாக் என்ற இடத்தைத் தாண்டிவிட்டோம். நடுரோட்டில் ஒற்றை யானை. நான் தூரத்திலேயே நின்றுவிட்டேன். பொழுது சாய்கிற அவசரத்தில் சேகர் முன்னால் போய், நம்மூரில் ரோட்டை மறிக்கிற மாட்டுக்கு அடிப்பதுபோல் மணி அடித்தான்.

"ஏய், ஓரம் போ ராஜா!"

"டேய் லூசு, திரும்பி வாடா!" என்று கத்தினேன்.

யானை காதை விரித்துக்கொண்டு ஓடிவந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு அவன் பாறைக்குப் பின்னால் பாய்ந்தான். அது சைக்கிளை மிதித்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விட்டது. சக்கரம் இரண்டும் அப்பளம்.

"என் வண்டிய எடுத்துக்கோடா. நான் ஏதாவது லாரி புடிச்சு வரேன்."

"உன் உயரத்துக்கு வாங்கின வண்டி மச்சான். எனக்குக் கால் எட்டாது. விடு."

வெகுநேரம் கழித்து வந்த பிக்கப் வண்டி டிரைவர் நசுங்கிய இரும்பைப் பார்த்தார். "யானைக்கு மணி அடிச்சீங்களா? எதுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சேகர் பின்னால் ஏறி உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் என் சைக்கிளை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓபுவோ போய்ச் சேரும்வரை அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு லட்சமாவது ஆகும். அகலமான டயர் போடுங்கள். யானை நின்றால் நீங்களும் நில்லுங்கள், அரை நாள் ஆனாலும் சரி. சத்தம் மட்டும் வேண்டாம்.

சேகருக்கு முட்டி இரண்டையும் மாற்றியாகிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குள் நடக்கிறான். ஞாயிறு தவறாமல் போன் வருகிறது.

"மச்சான், ரோடு எப்படி இருக்கு?"

"குண்டும் குழியும்டா. மனுஷன் போவானா இதுல? நீ வராததே நல்லது" என்கிறேன்.

போன வாரம்தான் முழுக்கப் புதுத் தார் போட்டிருக்கிறார்கள்.