கிரிவலப் பாதைக் கற்களும் என் காகிதச் சுருளும்

விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது விடிந்திருந்தது. அங்கிருந்து திருவண்ணாமலைக்கு அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பஸ் கண்டக்டர் என் கையிலிருந்த நீளமான சுருளைப் பார்த்து, "இன்னாம்மா அது, காலண்டரா?" என்றார். சிவகாசிக்காரி என்று என் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது! "இல்லண்ணே, வெறும் பேப்பர். படம் வரையப் போறேன்" என்றேன். சொல்லும்போதே பெருமையாக இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். சாயங்காலங்களில் அச்சகங்களுக்குக் காலண்டர் படம் வரைந்து கொடுப்பேன். நான் வரைந்த முருகனும் லட்சுமியும் எத்தனையோ வீடுகளில் தொங்குகிறார்கள். அடியில் ஜவுளிக்கடைப் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும், என் பெயர் இருக்காது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று பல தேசத்து ஓவியர்களைத் திருவண்ணாமலையில் ஒரு மாதம் தங்கவைத்து, சோறும் போட்டு, அவரவர் வேலையைச் செய்யச் சொல்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப்போட்டேன். எடுத்துக்கொண்டார்கள். "இந்த ஒரு தடவைதான் டீச்சர், இனிமே லீவு கேக்கக் கூடாது" என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லி அனுப்பினார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். மூலையில் என் பெயர் போட்ட படம். அதற்காகவே புதுச்சேரியிலிருந்து பருத்தியில் கையால் செய்த காகிதம் வரவழைத்திருந்தேன். தாள் ஒன்று முந்நூற்றைம்பது ரூபாய்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது அந்த வீடு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். எனக்கு மாடியில் அறை, ஜன்னலைத் திறந்தால் மலை. தங்கியிருந்த நான்கு பேரில் நான் ஒருத்திதான் தமிழ். மேலாளர் பெங்களூர்ப் பெண். அவருக்கும் தமிழ் அரைகுறை. முதல் நாளே கேஸ் சிலிண்டர்காரன் வாசலில் நின்று கத்த, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாமல் நான் கீழே போய்ப் பேசித் தீர்த்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். மறுநாள் கொரியப் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு, டாக்டரிடம் நான். அடுத்த நாள் சிம் கார்டு வாங்க நான். தண்ணீர் லாரி, வீட்டுக்காரர், துணி வெளுக்கிறவர், எல்லாவற்றுக்கும் மாடிப்படியின் கீழிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். என் பெயர் அவ்வளவு தடவை அழைக்கப்பட்டதே இல்லை.

அப்படிக் கூப்பிட்டவர்களில் லூகாஸ் நல்லவர். பெல்ஜியத்துச் சிற்பி. இரண்டாவது வாரம், கிரிவலப் பாதையைச் சுற்றிப் பார்க்கவேண்டும், கூட வா என்றார். பதினாலு கிலோமீட்டர். அடி அண்ணாமலை தாண்டியதும் மரத்தடியில் சின்னச் சின்னதாகக் கல் அடுக்கியிருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஜனங்கள் அடுக்குவது என்று சொன்னேன். அடுக்கியவர்கள் திரும்ப வந்து பார்ப்பார்களா என்று கேட்டார். வரமாட்டார்கள், அடுக்குவதோடு சரி என்றேன். அப்படியானால் இவை யாருக்கும் உரியவை அல்ல என்று அவராக முடிவுசெய்துகொண்டது எனக்குத் தெரியாது.

தினமும் ஆட்டோ வைத்துக்கொண்டு போய் அவற்றை எடுத்து வந்திருக்கிறார். மூன்றாவது வாரத் தொடக்கத்தில் ஒரு காலை, முற்றம் முழுக்கக் குட்டிக் குட்டி வீடுகள், ஒரு ஊர் மாதிரி. அழகாகத்தான் இருந்தது. எந்தக் கற்கள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

சமையலுக்கு வரும் செல்வி அடி அண்ணாமலைக்காரி. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சர் இது? யாரோ வேண்டிக்கினு அடுக்குன வூடெல்லாம் கலைச்சி எடுத்தாந்து வெச்சிகிறாரு? எங்க நாத்தனா கீழ்பென்னாத்தூர்ல வாடக வூட்லயே காலத்த ஓட்டுறாங்க. போன பௌர்ணமிக்கி வந்து அடுக்கிட்டுப் போனாங்க. அதுவும் இதுலதான் கீதோ இன்னாவோ. இத மிதிச்சிக்கினு நான் எப்டி உள்ள வருவேன்?"

சொன்னதை ஒரு சொல் விடாமல் லூகாஸிடம் சொன்னேன். மனிதர் வெளுத்துப்போனார். கண்ணில் தண்ணீர். எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடலாம், நீ உடன் வா என்றார். எனக்கு அப்போது மிஞ்சியிருந்தது இரண்டு வாரம்கூட இல்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் போலீஸ்காரர் கேட்டால் யார் பதில் சொல்வது? கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தால்? போனேன். நாளுக்கு இரண்டு நடை ஆட்டோ, மிஞ்சியிருந்த நாளெல்லாம் அதிலேயே போயிற்று. எந்தக் கல் எந்த மரத்தடி என்று யாருக்கும் தெரியவில்லை. கூட வந்த செல்வி மட்டும் ஒவ்வொன்றையும் வைக்கும்போது, "யாருதோ, அவுங்களுக்கே போய்ச் சேரட்டும்" என்று முணுமுணுத்தாள். லூகாஸ் அடுக்கினார், படம் எடுத்தார், மறுபடி அடுக்கினார்.

கடைசி நடையில் செல்வி சொன்னாள்: "நீங்களும் ஒன்னு அடுக்குங்க டீச்சர்."

"எனக்குச் சொந்த வீடு இருக்கு செல்வி."

"அப்ப இன்னா கொறச்சல் ஒங்களுக்கு?" என்று சிரித்தாள். அவளுக்கு என்னவென்று சொல்ல? மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தார்கள். காலி முற்றத்தைச் சுற்றி லூகாஸ் எடுத்த புகைப்படங்கள். கற்கள் திரும்பிப் போகும் படங்கள். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். எனக்கு ஒதுக்கிய சுவரில் ஆணி மட்டும் இருந்தது. "நீங்க இங்க வார்டனா மேடம்?" என்று ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். லூகாஸின் படங்களுக்குக் கீழே ஒரு அட்டை. அதில் கடைசி வரி: மொழிபெயர்ப்பு உதவி, பிறகு என் பெயர். பிழையில்லாமல் அச்சிட்டிருந்தார்கள். லூகாஸ் அதைக் காட்டிச் சந்தோஷப்பட்டார். நானும் நன்றி சொன்னேன். மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை, அதுதான் கொடுமை.

ஊரில் அச்சகத்துக்காரர் பெயர் போடமாட்டார், ஆனால் படத்தையாவது என்னிடம் வாங்கிக்கொள்வார். இங்கே பெயரைப் போட்டார்கள், படம்தான் இல்லை.

மறுநாள் விழுப்புரம் பிளாட்பாரத்தில் ரயில் தாமதம். பக்கத்தில் ஒரு இளம் தாய், தோளில் தூங்கி வழியும் பிள்ளை. தரையெல்லாம் ஈரம்.

"அக்கா, அது பேப்பரா? ஒன்னு குடுங்களேன், புள்ளயப் படுக்க வெக்கணும்."

ஒரு மாதமாகப் பிரிக்காத சுருளை அங்கேதான் பிரித்தேன். பருத்தி வாசனை அப்படியே இருந்தது. ஒரு தாளை உருவி விரித்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்துத் தயங்கினாள்.

"விலை ஜாஸ்தியா இருக்கும் போலக்கீதே?"

"இல்லம்மா," என்றேன். "வெறும் பேப்பர்தான். படுக்க வை."