முதல் விடை

காலை ஏழு மணி பத்து நிமிடம். நகரியில் சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, நிறுத்தியிருந்த விசைத்தறியின் மேல் கிடந்த வாழை இலைக் கட்டு. அவருடைய மூத்த மகளின் குழந்தைக்கு அன்று காது குத்தல்.

நான் திருப்பதியில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்துகிறவன். பொழுதுபோக்காகக் கணினியில் தர்க்க நிரல் எழுதக் கற்றிருந்தேன். அதில் உண்மைகளையும் விதிகளையும் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கலாம். எங்கள் சொந்தத்தில் யார் யாருக்குப் பிள்ளை என்பது உண்மை. பெரியம்மா மகன் அண்ணன், அத்தை மகன் கட்டிக்கொள்ளும் முறை என்பவை விதிகள்.

பந்தி முடிந்து மடிக்கணினியைத் திறந்ததும் கூட்டம் கூடிவிட்டது. ஒரு மாமா தன் மனைவி தனக்கு என்ன முறை என்று கேட்டார். மாமன் மகள் என்று வந்தது.

“அது இருவது வருசமா தெரியும்டா. தப்பிக்க வழி கீதான்னு கேளு.”

பிறகு சித்தப்பாவின் சின்ன மகள் முன்னால் வந்தாள். “அண்ணா, வெதுருகுப்பத்து வாத்தியார் வூட்டுப் பையன் எனக்கு இன்னா முறை ஆவணும்?”

அவனைத்தான் கட்டிக்கொள்ள நினைக்கிறாள் என்று எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள். எல்லோர் முன்னாலும் முறை சரி என்று வந்துவிட்டால் அப்பாவிடம் பேசுவது சுலபம் என்பது அவள் கணக்கு. நானும் முன்கூட்டிச் சோதித்துப் பார்க்கவில்லை.

திரையில் ‘அண்ணன்’ என்று வந்தது.

“கம்ப்யூட்டரே சொல்லிட்ச்சி. ராக்கி வாங்கி வையிம்மா” என்றார் சித்தப்பா. அவர் காதுக்கு ஏதோ எட்டியிருக்க வேண்டும்.

அந்த நிரல் முதல் விடையைக் காட்டிவிட்டு நிற்கும். வேறு விடை உண்டா என்று பார்க்க ஒரு விசையை அழுத்த வேண்டும். எல்லோரும் வியந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழுத்தவில்லை.

மறுநாள் திரும்பும் பேருந்தில், புத்தூர் தாண்டி, அழுத்தினேன். ‘அத்தை மகன்.’ சித்தப்பாவும் சித்தியும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். அதனால் அவனுடைய அம்மா ஒரு வழியில் தங்கைக்குத் தூரத்துப் பெரியம்மா, இன்னொரு வழியில் தூரத்து அத்தை. இப்படி இரண்டு வழி இருந்தால் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு ஒத்துவருகிற வழியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நிரல் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்க்கும்; நான் அம்மா வழி விதியை மேலே எழுதியிருந்தேன். அதற்கு ஒரு காரணமும் இல்லை.

சித்தப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

“நேத்து அண்ணன்னுச்சி, இன்னிக்கி அத்தை புள்ளையா? நாளிக்கு இன்னா சொல்லும்?”

“தப்பு என்னுது சித்தப்பா.”

“யாருதா இருந்தா இன்னாபா? அத்தினி பேரும் கேட்டுக்கினு இருந்தாங்களே.”

தங்கை ஃபோனை வாங்கி ஒன்றுதான் கேட்டாள். “இன்னொரு பதிலு வரும்னு உனுக்கு அப்பவே தெரியுமாண்ணா?”

“வரலாம்னு தெரியும்.”

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆவணியில் சித்தூரில் வேறொருவருடன் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அவளுக்குக் கூடப் பிறந்த ஆண் இல்லை. அண்ணன் முறையில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டது நான்.