பாகன் இல்லாத யானை

எங்கள் பக்கத்தில் ஊர் சுற்றும் காலம் தீபாவளிக்குப் பிறகுதான் தொடங்கும். வருஷமெல்லாம் நாட்டுக்கே வெடி செய்து அனுப்பிவிட்டு, பட்டாசு கம்பெனிகள் ஒரு மாதம் போலக் கதவைச் சாத்திவிடும். அப்போது சிவகாசியிலிருந்து புறப்படாத வேன் கிடையாது. குற்றாலம், கொடைக்கானல், திருப்பதி என்று தெருவே காலியாகும். எங்கள் வீடு மட்டும் நகராது. அப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேன். சீசனில் குளிப்பதற்கு மட்டும் வீட்டுக்கு வந்து போகிற மனிதர், லீவு விட்டதும் படுத்தால் எழுந்திருக்கவே மாட்டார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. யானை பார்க்க வேண்டும்.

“கோயில்ல பாக்காத யானையாக்கும்?” என்று அம்மா சிரிப்பாள்.

“அது துட்டு வாங்குற யானை. பக்கத்துல பாகன் நிக்காத யானை ஒண்ணப் பாக்கணும். அது பாட்டுக்குத் திங்கணும், அது பாட்டுக்குப் போகணும்.”

இதெல்லாம் ஓர் ஆசையா என்று நான் அப்போது நினைத்தேன். நகை கேட்கலாம், நிலம் கேட்கலாம். இந்த மனிதர் கேட்டது ஒரு மிருகத்தைத் தூரத்தில் நின்று பார்க்கும் வரத்தை!

அண்ணன் பழைய கார் ஒன்று வாங்கிய வருஷம், தீபாவளி முடிந்த கையோடு நாங்கள் நாலு பேரும் கிளம்பினோம். முன் சீட்டில் இடதுபுறம் அப்பா. ராத்திரி ஊட்டியில் லாட்ஜ். மறுநாள் கூடலூர் வழியாக இறங்கி, முதுமலைக் காட்டுச் சாலையில் மெல்லப் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது. அதற்கடுத்த நாள் கோயம்புத்தூரில் சித்தி வீடு. இதுதான் திட்டம்.

சித்தி வீட்டுக்கென்று பட்டாசுப் பெட்டி ஒன்றும் வந்தது. சிவகாசிக்காரன் சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. போனால், “இவுகளுக்கு அங்கன என்னதான் வேலை?” என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவார்கள். சித்தி பிள்ளைகள் கார்த்திகைக்கு வெடிக்க வேண்டும் என்று, அப்பா தன் கம்பெனிச் சரக்கிலேயே பார்த்துப் பார்த்து எடுத்துக் கட்டிய பெட்டி.

காலையில் லாட்ஜ் அறையைப் பூட்டும்போது அப்பா அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டார். அறையிலேயே இருக்கட்டும் என்றாள் அம்மா.

“எவனாவது பீடியோட உள்ள வருவான். வெடி நம்ம கண்ணு முன்னாடி இருக்கணும்” என்று டிக்கியில் வைத்துப் போர்வையால் மூடினார். முப்பது வருஷத் தொழில் புத்தி. அந்தப் புத்திதான் அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது.

காட்டின் வாசலில் சோதனைச் சாவடி. வனக்காவலர் வண்டி நம்பரைப் பார்த்தார். “எந்த ஊரு, சிவகாசியா?” என்றார். எங்கள் அம்மாவும் பெருமையாக, “ஆமாங்கய்யா” என்றாள். அவர் டிக்கியைத் திறக்கச் சொன்னார். போர்வையை விலக்கியதும் அவர் முகம் மாறிவிட்டது.

“ஏங்க, யானை இருக்கிற காட்டுக்குள்ள பட்டாசு கொண்டு போறீங்களா? பெட்டி உள்ள போகாது.”

அவரைக் குறை சொல்ல முடியாது. அண்ணன் எதிரே இருந்த டீக்கடையைக் காட்டினான். அப்பா அதன் அடுப்பை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். தண்ணீரில் முக்கிவிடலாம் என்றான் அண்ணன்.

“ஏலே, நம்ம கம்பெனிப் பொம்பளையாளுக கை நோகச் சுத்துனதுலே. புள்ளைகளுக்குன்னு கொண்டாந்தத நானே முக்கவா?”

“அப்பா, நீங்க போங்க. நான் இங்கன இருக்கேன்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

“வயசுப் புள்ளைய வெடியோட காட்டு வாசல்ல உக்கார வச்சுட்டு நான் யானை பாக்கப் போறதாக்கும்? ஏறு தாயி. பொழுது போகுது.”

பெட்டியை எடுத்துக்கொண்டு, டீக்கடையிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரு மர நிழலில் உட்கார்ந்தார். மேலே தன் துண்டைப் போட்டு மூடினார். கார் நகரும்போது கையை ஆட்டினார். அம்மா பின் சீட்டிலேயே இருந்தாள். முன் சீட்டுக்கு மாற ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மான்கள் வந்தன, மயில்கள் வந்தன. யானையே வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். வராவிட்டால் அப்பாவுக்கு நஷ்டமில்லை அல்லவா? ஆனால் வந்தது. ஒன்றல்ல, ஒரு கூட்டம். ஒரு குட்டி தாயின் காலுக்கடியில் புகுந்து புகுந்து வந்தது. சாலையைக் கடந்து, மூங்கிலை ஒடித்துத் தின்றுகொண்டு, எங்களைச் சட்டையே செய்யாமல் போனது. அம்மா அழுதாள். நான் போனில் படம் பிடித்தேன்.

திரும்பி வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. இனி மலையேறவே நேரம் சரியாக இருக்கும். அப்பா அதே இடத்தில் இருந்தார். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம் காலி. “எனக்குக் கொரங்குதான் வாய்ச்சுது. அம்புட்டையும் பிடுங்கித் தின்னுட்டுப் போயிருச்சு” என்று சிரித்தார். பிறகு போனை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

“பாகன் யாரும் இல்லையில்ல?”

“இல்லப்பா.”

இன்னொரு முறை ஓடவிட்டார். “அடுத்த வருஷம் பெட்டி கெட்டி எதுவும் கெடையாது. நேரா யானைதான்” என்றார்.

அடுத்த தீபாவளியை அப்பா பார்க்கவில்லை. சீசன் உச்சத்தில் ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று கம்பெனியிலிருந்து வந்து படுத்தார், எழுந்திருக்கவில்லை. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் போட்டுப் பார்ப்பதில்லை. அதில் யானை இருக்கிறது, அப்பா இல்லை. அந்த மரத்தடியில் அவரை ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று எத்தனை முறை ஏங்கியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

போன தீபாவளி கழிந்ததும் அம்மாவே, “அங்கன ஒருக்காப் போயிட்டு வருவோமா?” என்றாள். அதே கார். அண்ணன் ஓட்ட, அம்மாவும் நானும் பின்னால். சாவடியில் வேறொரு காவலர், அதே கேள்வி. “ஒண்ணுமில்லங்கய்யா” என்றாள் அம்மா. அவர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினார். அந்த மரத்தைக் கடக்கும்போது மூவரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன. அண்ணனும் நிறுத்தினான். இடதுபுறம், சாலையோரத்தில், ஒற்றை யானை. புல்லைப் பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதிர்த்து, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. முன் சீட்டு ஜன்னலுக்கு நேரே நின்றது.

நான் அம்மாவைத் தொடப் போனேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, அந்தக் காலி சீட்டின் முதுகில் கை வைத்து, மெதுவாகச் சொன்னாள்:

“ஏங்க, பாருங்க. பக்கத்துல ஒருத்தரும் இல்ல.”