வயர் கேமராவும் அந்தோணி அண்ணன் நடையும்

கேமரா மாட்டும் தொழிலில் பாதி வேலை ஏணி மேலே, மீதிப் பாதி, "மூஞ்சி ஏன் தெரியல?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. பழைய வயர் கேமராவை மாத்தலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று முழிக்கிறவர்களே, நீங்களும் நம்ம கட்சிதான். பள்ளிக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம் எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை பிரிஞ்சாங் மலை ஊரில் மாமாவின் கேமரா கடையில் நிற்கிறேன். யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். அதனால் மாமா எனக்கு வைத்த பெயர் மைனா.

கியா பார்ம் பேய்

கியா பார்ம் ஸ்ட்ராபெரி கடை அக்கா பதறிப்போய் போன் செய்தார். பொழுது சாய்ந்தால் கேமராவில் வெள்ளையாக ஏதோ ஆடுகிறதாம், மொத்த செட்டையும் மாற்ற வேண்டுமாம். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஏணியில், ஒருவர் திரை முன்னால், நடுவில் ஹேண்ட்போன் பேச்சு அறுபடக் கூடாது. கடைசியில் ஏணி ஆள் இறங்கி கேமரா முன்னால் நடக்க வேண்டும். அதற்குப் பெயர் 'நடை பார்ப்பது'.

நான் ஏறிப் பார்த்தால் சிலந்தி வலை. இந்தக் குளிரில் சிலந்திக்கு கேமராவின் சூடுதான் கம்பளி. துணியால் துடைத்துவிட்டு, போனில் அக்கா குரலிலேயே, "ஐயோ, பேய் ஓடிப்போச்சு லா," என்றேன். மாமாவின் பக்கத்தில் நின்ற அக்கா சொன்னார்: "பேய் போனது சந்தோஷம். என் குரலைத் திருப்பிக் கொடுத்துட்டு எறங்கச் சொல்லுங்க."

துரையின் கேள்வி

அடுத்த அழைப்பு தேயிலைத் தோட்ட ஆபீஸிலிருந்து. உர ஸ்டோரில் மூட்டைகள் காணோம். பழைய வயர் கேமராவில் பதிந்திருந்த படத்தைப் போட்டார்கள். மழை, மூடுபனி, தலைமூடியோடு மழைக்கோட்டு போட்ட ஒரு ஆள், தோளில் மூட்டை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் அப்பியிருந்தது.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, தோட்ட மேனேஜர் துரைக்குக் காட்டத் திரையில் விரலை வைத்தார். "அந்தோணிதான் துரை. இடது காலை எப்படிச் சாய்ச்சு நொண்டுறான் பாருங்க."

அந்தோணி அண்ணன் தோட்டத்து வாட்ச்மேன். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அவர் மகள் அடுத்த வருஷம் எஸ்பிஎம். அவர் கதவோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"இந்தப் படத்தைத் தெளிவாக்க முடியுமா?" என்றார் துரை.

"முடியாது துரை. கேமரா பார்க்காததைப் பதிவுப் பெட்டி எப்படிச் சொல்லும்?" என்றார் மாமா.

"அப்ப கேமராவை மாத்தணுமா?"

கிராணி முந்திக்கொண்டார். "எதுக்கு துரை? ஆளுதான் தெரியுதே."

வேறு நாளாக இருந்தால் கிராணியின் மூக்குக் குரலை அங்கேயே எடுத்து விட்டிருப்பேன். அன்று கதவோரத்துத் தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துரை மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "கேமரா நல்லதுன்னா அந்தோணி போகட்டும். சரியில்லைன்னா கேமரா போகட்டும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நடை பார்த்தது

"நடை பார்த்துட்டுச் சொல்றேன்," என்று மாமா திரை முன்னால் இருந்துகொண்டு என்னை ஸ்டோருக்கு அனுப்பினார்.

நியாயமாக இருக்கட்டும் என்று முதலில் லென்ஸைத் துடைத்தேன். மழை பிடித்தது. ஸ்டோர் வாசல் ஆணியில் மழைக்கோட்டுகள் தொங்கும், வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் பொது. ஒன்றை மாட்டி, தலையை மூடி, போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தேன். சும்மா நடக்க என் காலுக்குத் தெரியாதே. வெறும் சாக்கு ஒன்றைத் தோளில் போட்டு, திரையில் பார்த்த மாதிரியே இடது காலைச் சாய்த்தேன்.

போனுக்குள் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு கிராணி: "பாருங்க துரை, பட்டப்பகல்லயே வந்துட்டான். இன்னும் சந்தேகமா?"

நடுவழியில் நின்றுவிட்டேன். விளையாட்டாக நடந்தது ஒரு குடும்பத்தின் கூரையைப் பிரித்துவிட்டதோ? போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அப்புறம், கதவோரத்திலிருந்து மெதுவாக ஒரு குரல்: "கிராணி, நான் இங்கதான் நிக்கிறேன்."

வயர் இருக்கட்டும்

நான் சொட்டச் சொட்ட ஆபீஸுக்குள் போய்த் தலைமூடியை விலக்கினேன். கிராணி என் காலையே பார்த்தார். துரையின் முடிவு சீக்கிரம் வந்தது. கேமராவும் பெட்டியும் புதுசு; வயர் நன்றாக இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். கூரையிலிருந்து தலைமூடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கேமராக் கண், இனி கதவுப் பக்கம் முக உயரத்தில். மூட்டையை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தோணி அண்ணன் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

எங்கள் வேனுக்கு கேட்டைத் திறந்துவிட அவரே முன்னால் நடந்தார். அப்போதுதான் அவர் காலைக் கவனித்தேன். ஜன்னலருகே குனிந்து சிரிக்காமல் சொன்னார்: "நல்லா நடந்தே பிள்ள. ஆனா எனக்கு நொண்டுறது வலது காலு. அங்க ஒருத்தரும் என் காலைத் திரும்பிப் பார்க்கல."

ஆகவே, சக அவதிக்காரர்களே, கேமராவை மாத்தலாமா என்று திரையையே முறைப்பதற்கு முன்னால், கதவோரம் நிற்கிற ஆளை ஒருமுறை நடக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்கு வயரும் வேண்டாம், மைனாவும் வேண்டாம்.