கொம்பியூட்டருக்கு நான் எண்ணெய் போட்ட கதை

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தங்கை விட்டுப்போனவர்கள். ஆறு பேருக்கும் உடுப்பு நான் தைத்ததுதான். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது, ஆகவே எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரம் இல்லை.

எங்கள் வீடு திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட. யன்னல் கம்பி, பூட்டு, கத்தரிக்கோல் என்று உப்புக்காற்று ஒன்றையும் விடாது. என்னவர் துறைமுகத்து இழுவைப் படகில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை செய்தவர். கலியாணம் முடித்த கிழமையே ஒரு சின்ன எண்ணெய்ப் போத்தலை என் கையில் தந்து, இரும்பாகக் கண்டதுக்கெல்லாம் ஒரு துளி போடச் சொன்னார். அவர் போய்ப் பதினொரு வருடம். என் தையல் மெசின் இன்றைக்கும் ஓடுகிறது. எங்கள் ஒழுங்கையில் மற்றவர்களுடைய மெசின்களெல்லாம் துருப்பிடித்துப் பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டன. அந்தப் பெருமை எனக்கு உண்டு, ஏன் மறைக்கவேண்டும்?

கடைசி மகன் கப்பலில் வேலை. நானும் மருமகளும் ஒன்பது வயதுப் பேத்தியும்தான் வீட்டில். மருமகள் முன்பள்ளி ரீச்சர். அதற்கு மேலே ஒரு படிப்பைத் தொடங்கி, இரண்டு வருடமாகச் சமையல் முடிந்த கையோடு கொம்பியூட்டருக்கு முன்னால் போய்க் குந்துவாள். கடைசி ஒப்படை, அறுபது பக்கமாம். வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கவேண்டும்.

அந்தப் பெட்டி கொஞ்ச நாளாக இரைந்துகொண்டிருந்தது.

“உள்ளுக்குத் தூசி அடைச்சிட்டுது மாமி. ஒப்படை முடியட்டும், துடைப்பிப்பம்” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. புதன்கிழமை காலையில் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனபிறகு, வயரைக் கழற்றிவிட்டு, மெசின் பெட்டியில் கிடந்த திருப்புளியால் ஆணிகளைத் திருகிக் கழற்றி, பக்கத்துத் தகரத்தைத் திறந்தேன். விசிறியில் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. மூலையில் பல்லி முட்டைக் கோது இரண்டு. பெயின்ற் பிறஷால் எல்லாவற்றையும் மெல்லத் தட்டி எடுத்தேன். விசிறிக்குப் பக்கத்தில் விரல் நீளத்தில் இரண்டு பச்சைத் தகடுகள் நின்றன. முனையில் இருந்த வெள்ளைக் கொளுக்கியை அமத்தினேன், ‘டக்’ என்று கழன்று வந்தன. அடியில் வரிசையாகப் பொன்னிறப் பற்கள். இந்தக் காற்றுக்கு இது எத்தனை நாள் தாங்கும் என்று நினைத்தேன். ஒரு துண்டுப் பொப்ளின் துணியில் மெசின் எண்ணெய் தொட்டு அந்தப் பற்களுக்குப் பூசி, திரும்ப வைத்து, தகரத்தை மூடினேன். என்னவர் பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார் என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம் மருமகள் வந்து சுவிச்சைப் போட்டாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே இருந்து விட்டு விட்டு ஒரு கூவல் வந்தது, ஆட்டுக்குட்டி தாயைத் தேடுகிற மாதிரி. வயர்களைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். வேறு பிளக்கில் குத்தினாள். அதே கூவல்.

கொம்பியூட்டர் திருத்துகிறவருக்குப் போன் எடுத்தாள். அவர் கிளிவெட்டியில் ஒரு பள்ளிக்கூட வேலையாக நின்றார். போனை மேசையில் வைத்துக் கதைத்ததால் எனக்கும் கேட்டது.

“விட்டு விட்டுக் கத்தினா மெமரிக் கோளாறு அக்கா. ஆரும் உள்ளுக்குக் கழட்டினவையோ?”

“இல்லைத் தம்பி. வீட்டில நானும் மாமியும்தானே. ஆர் கழட்டுறது?”

“அப்ப உள்ளுக்கிருக்கிற போர்ட் பழுதாப்போச்சாக்கும். சனிக்கிழமை வந்து பாக்கிறன்.”

“வெள்ளிக்கிழமை குடுக்கவேணும் தம்பி. கடைசிப் பதினெட்டுப் பக்கம் இதுக்குள்ளதான் கிடக்கு.”

“நான் என்னக்கா செய்ய? இஞ்ச வேலை முடியாமல் வர ஏலாது.”

நான் கதிரையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள், ஒரு மெசினையும் பழுதாக்காதவள், எப்படிச் சொல்வது? அவள் அழவில்லை. கொம்பியூட்டரை மூடுவதற்கு நான் தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறையை எடுத்து, அதை மூடாமல், மடியில் வைத்து நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

“பரவாயில்லை மாமி. வாற வருசம் குடுப்பம்” என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி.

அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

“பிள்ளை, நான்தான் கழட்டினனான்” என்றேன். “தூசி தட்டினனான். அந்தப் பச்சைத் தகடு ரெண்டுக்கும் எண்ணெய் போட்டனான்.”

அவள் மடித்த உறையை மேசையில் வைத்தாள்.

“என்ன எண்ணெய் மாமி?”

“மெசின் எண்ணெய்.”

“அதுக்கு ஏன் எண்ணெய்?”

“கறள் பிடிக்காமல்.”

கோபிப்பாள் என்று இருந்தேன். கோபித்திருந்தால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று எழும்பினேன். சிரிக்கிறாள்.

“நான் போர்ட் போச்சுதெண்டெல்லோ நினைச்சனான்” என்று திரும்பவும் போன் எடுத்தாள். அந்தத் தம்பியும் சிரித்துவிட்டு, “அம்மா, தாளிக்கேல்லைத்தானே?” என்று கேட்டார்.

“நக்கலை விட்டிட்டு வழியைச் சொல்லும்” என்றேன்.

சொன்னார். கரண்ட் வயரைக் கழற்றவேண்டும். கையால் முதலில் பெட்டியின் இரும்பைத் தொடவேண்டும். அந்தப் பச்சைத் தகடுகள்தான் மெமரியாம். அவற்றை எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு எண்ணெயைத் துடைத்து, காயவிட்டு, பற்களை அழிறப்பரால் மெல்லத் தேய்க்கவேண்டும். ஸ்பிரிட் காயத்துக்குப் போட வாங்கியது இருந்தது. அந்த நேரம் பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்தாள். அவளுடைய பென்சில் பெட்டியில் இருந்து மாம்பழ உருவத்து அழிறப்பரை எடுத்துத் தேய்த்தோம்.

“என்ர மாம்பழம் கறுத்துப்போச்சு” என்று அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

ஒரு தகட்டை மட்டும் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். மருமகள் வைத்தாள். உடைந்துவிடும் என்று பயந்து, பூவைத் தொடுகிற மாதிரித் தொட்டாள். சுவிச்சைப் போட்டால் திரும்பவும் கூவல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் கழற்றும்போது ‘டக்’ என்று கேட்டது. திரும்ப வைக்கும்போது கேட்கவேயில்லை. மெசினில் பொபின் பெட்டி சரியாக இருந்தால் ஒரு சத்தம் கேட்கும். கேட்காமல் தைத்தால் நூல் சிக்கும். ஐம்பது வருடமாகத் தெரிந்த விசயம். எண்ணெய் போட்ட பெருமையில் மறந்துபோனேன்.

“வயரைக் கழட்டு பிள்ளை. நான் வைக்கிறன்.”

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு கதிரையை விட்டு எழும்பி எனக்கு இடம் தந்தாள். அந்த இடம் தந்ததை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். இரண்டு பெருவிரலையும் இரண்டு முனையிலும் வைத்து, நேராக அமத்தினேன். வெள்ளைக் கொளுக்கி தானாக எழும்பி, ‘டக்’ என்றது.

சுவிச்சைப் போட்டாள். ஒரே ஒரு சின்னக் கூவல், பிறகு சத்தம் இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது, பேத்தியின் படமும் வந்தது. மற்றத் தகட்டையும் அதே மாதிரிப் போட்டோம். பதினெட்டுப் பக்கமும் அப்படியே இருந்தன.

வெள்ளிக்கிழமை அறுபது பக்கத்தையும் அச்சடித்து, காற்றுக்குப் பறக்காமல் நான் தைத்த துணிப்பையில் வைத்துக் கொண்டுபோனாள். போகமுதல் எண்ணெய்ப் போத்தலை அலுமாரியின் மேல்தட்டில், என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டாள். நான் கண்டும் காணாத மாதிரி இருந்தேன்.

பேத்தி, இஞ்ச வா. என்ர எழுத்து உனக்கு விளங்கும்தானே? ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அம்மா குசினியில சமைச்சுக்கொண்டு நிக்கிறா, அவவுக்கும் கேக்கவேணும். நான் வாய் திறக்காமல் இருந்த இடத்தையும் விடாமல் வாசி.