நீலக் கல்லும் எலுமிச்சை மிட்டாயும்

கடை மிட்டாயில் போடுகிற சாயம் பிள்ளைகளின் குடலைப் பிடித்துக்கொள்ளும் என்று எங்கள் லைனில் ஒரு பேச்சு கிளம்பியது. எண்பதுகளின் நடுவில் இருக்கும். மலைமேல் வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை செய்தோம். ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள், அதுதான் லைன். எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள். ஒருநாள் அவள் இரத்தம் குடித்தவள்போல நாக்கு சிவந்து வந்து நின்றதும், இனிமேல் மிட்டாய் என் அடுப்பில்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. சர்க்கரை, தண்ணீர், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்திலிருந்து ஓர் எலுமிச்சை. பாகு கொதித்துப் பொன்னிறமாகும்போது, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். ‘டக்’கென்று உடைந்தால் பதம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. விறகும் ஈரம். ‘போதும்’ என்று இறக்கி, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஆறியதும் தட்டி உடைத்தேன். மலை மூடுபனிக்கு மறுநாளே பிசுபிசுத்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, “ஏனுங்கக்கா, இத மாமியாளுக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொண்ணு குடுத்துட்டாப் போதுமுங்க. பல்லு ஒட்டிக்கும், ஊட்ல சண்டையே வராது” என்றாள். அவள் வாயிலிருந்து எது வந்தாலும் நான் மனதில் முடிந்து வைத்துக்கொள்வேன். அன்று வயிறு நோகச் சிரித்தேன்.

மிட்டாயைப் பழைய பால்பவுடர் டப்பா ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்தேன். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு டப்பா. அதில் மயில்துத்தம். சுண்ணாம்போடு கலந்து காப்பிச் செடிக்கு அடிக்கிற மருந்து அது, நீலச் சாயம் போட்ட கற்கண்டு மாதிரியே மின்னும். எலுமிச்சை மரத்துக்கு அடிக்கலாம் என்று வீட்டுக்காரர் ஒரு கைப்பிடி கொண்டுவந்திருந்தார். எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மூட்டையோடு குழாயடிக்குக் கிளம்பும்போது மகள் முந்தானையைப் பிடித்தாள். “அலமாரில டப்பா இருக்குது பாரு சாமி, எடுத்துக்க. பக்கத்தூட்டுப் பாப்பாவுக்கும் குடு” என்று சொல்லிவிட்டுப் போனேன். எந்த டப்பா என்று சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டில் யாருமில்லை. இரண்டு டப்பாவும் தரையில் திறந்து கிடந்தன. நீலக் கல் பாதிதான் இருந்தது.

வெளியே ஒரே மூடுபனி, பத்தடிக்கு அப்பால் மரம்கூடத் தெரியவில்லை. லைனுக்குப் பின்னால் ஓடினேன். சில்வர் ஓக் மரத்தடியில் தேக்கிலையை விரித்து, மஞ்சள் துண்டுகளை ஒரு பக்கமும் நீலத் துண்டுகளை ஒரு பக்கமும் குவித்து, மகள் தனியாகக் கடை வைத்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பியிருந்தது.

“வாயத் தொற கண்ணு! என்ன தின்ன?”

அவள் திறக்கவில்லை. தலையை ஆட்டினாள், ‘ம்ம், ம்ம்’ என்றாள். கண்ணில் நீர் முட்டியது. விஷம் ஏறித் தாடை இறுகிவிட்டது என்றுதான் நினைத்தேன். விரலை உள்ளே விட்டு நெம்பினேன். பல்லோடு பல் ஒட்டிய மஞ்சள் மிட்டாய் இழுபட்டு வந்தது. என் பதம் கெட்ட மிட்டாய். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“நீலம் தின்னியா?”

“இல்லீம்மா. அது விக்கறதுக்கு. பாப்பா ஒண்ணு வாங்கிட்டுப் போயிட்டா.”

எழுந்து ஓடிய ஓட்டம் இன்னும் காலில் இருக்கிறது. பக்கத்து வீட்டு வாசலில் அந்தச் சின்னப் பெண் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வாந்தியில் நீலம். அவள் அம்மா முதுகைத் தடவியபடி, “என்னத்தக்கா தின்னா? உங்கூட்டு மிட்டாயா?” என்றாள். “மிட்டாய் இல்ல, துத்தம்” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு முன் நிற்க முடியவில்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்டேட் மருந்தகத்துக்கு ஓடினோம். கம்பவுண்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். “நல்லாக் கசந்திருக்கு, நக்கிட்டுத் துப்பியிருக்கா, கொஞ்சந்தான் உள்ள போயிருக்கு. முழுசா முழுங்கியிருந்தா நொம்ப கஷ்டமுங்க” என்றார். பால் கொடுக்கச் சொன்னார், பொழுது சாயும்வரை அங்கேயே உட்காரவைத்தார். அந்த நேரம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாத அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. பிள்ளை கண் மூடும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து மூச்சைப் பார்த்தோம்.

கடைசியில் அந்தச் சின்னப் பெண்ணே எழுந்து, “பசிக்குதும்மா” என்றாள்.

பிழைத்தாள். துத்தத்தை அன்றே வீட்டுக்காரரை விட்டு எஸ்டேட் ஸ்டோரில் திருப்பிக் கொடுக்கவைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரி என் வாசலில் நின்று, கடையில் வாங்கிய சிவப்பு மிட்டாய் ஒன்றை என் மகள் கையில் வைத்தாள். “தின்னு கண்ணு. இதுக்கு நாக்குத்தான் செவக்கும்” என்றாள், என்னைப் பார்க்காமல்.

நான் தடுக்கவில்லை. மகள் அதைச் சப்பி முடிக்கும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.